பி.பி. நம்பர்

பத்து மணிக்கே சுடலைமுத்து வந்து கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் ரெக்சின் பை. அதற்குள் வெல்டிங் கண்ணாடி, கையுறை, ஐ.டி.ஐ. சான்றிதழின் நகல், மனைவி ராக்கம்மாள் கட்டிக்கொடுத்த புளிசாதம். காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. பழைய சாமான் கடையில் எடுத்தது. ஒரு நம்பர் பெரிசு என்பதால் முனையில் துணியைத் திணித்திருந்தார். ஷூ இல்லாதவனை ஆலை கேட்டுக்குள் விடமாட்டார்களாம்.

உள்ளே பிரேமலதா கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தாள். கட்டளையைத் தட்டினாள். மேஜைமேல் இருந்த மோடத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது: நோ டயல்டோன்.

"என்னம்மா, இன்னிக்கு அது வாயே தொறக்கல?" என்றார் சுடலைமுத்து. "முந்தாநாளு நான் இந்தக் கடை ஷட்டர பத்த வைக்கறப்ப மொதல்ல கிளி மாதிரி கொத்துச்சு, அப்பறம் பூனை மாதிரி அழுதுச்சு."

"ராத்திரி மழை பெஞ்சதுல்ல, அதான்ணே. லைன்ல தண்ணி பூந்துருக்கும்."

"மிஷினுக்கும் ஜலதோஷமா?"

பிரேமலதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் தட்டினாள். டக். நோ டயல்டோன்.

அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ரத்தினவேல் தன் வீட்டு முன்னறையைக் கடையாக்கி வைத்திருந்தார். ஒரு காப்பீட்டு கம்பெனிக்கு வரும் ஆஸ்பத்திரி பில்களைத் தட்டி, ஃபைலாக்கி, சனிக்கிழமைதோறும் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஏலத்தில் எடுத்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். விண்டோஸ் போட்டால் ஒரு ஃபைல் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். துறையூரிலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்திருந்த சிவசங்கர்தான் ஒரு குட்டி சி.டி.யைக் கொண்டுவந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். ஐம்பது எம்.பி.க்குள் மொத்தமும் அடங்கிவிட்டது. நோஞ்சான் கம்ப்யூட்டரிலும் ஓடியது. ஒன்றே ஒன்று, அணைக்கும்போது 'சேவ்' கொடுக்காவிட்டால் அன்றைக்குச் செய்த மாற்றத்தையெல்லாம் அது மறந்துவிடும். படிப்பு முடிந்து சிவசங்கர் போன பிறகு, எந்தக் கோளாறு வந்தால் எதைத் தட்டுவது என்று அவன் சொன்னதெல்லாம் பிரேமலதாவின் ஒரு நாற்பது பக்க நோட்டில்தான் இருந்தது.

ப்ளஸ் ஒன் பாதியில் நின்றவள் அவள். வாய் திறந்து நாலு பேரிடம் பேச வராது. மோடம் பேசுவது மட்டும் அவளுக்குப் புரிந்தது. எந்தச் சத்தத்தில் லைன் கிடைக்கும், எந்தச் சத்தத்தில் அறுந்துபோகும் என்று திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

கடைக்கு இருந்தது ஒரே ஒரு போன் லைன், ஒரே ஒரு ஒயர். மோடத்தில் சொருகினால் இன்டர்நெட். உருவி போனில் சொருகினால் போன். முந்தாநாள் சிக்கிக்கொண்ட ஷட்டரை சுடலைமுத்து சரி செய்து கொடுத்தபோது, கூலி எவ்வளவு என்று ரத்தினவேல் கேட்டார்.

"கூலி வேண்டாம் சார். ஒங்க நம்பர பி.பி.ன்னு போட்டுக்கறேன். ஒரு போன் வரணும்."

போன் இல்லாதவர்கள் அடுத்தவர் வீட்டு நம்பரைக் கொடுத்துவைப்பது ஊரில் வழக்கம்தான். ரத்தினவேல் யோசித்தார். கூலி மிச்சம். "சனிக்கிழமை பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் லைன் ஒனக்கு. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எங்க வேலை. பிரேமா, பாத்துக்க."

அரியமங்கலத்தில் சுடலைமுத்து வேலை பார்த்த பட்டறையை மூடி இரண்டு மாதமாகிவிட்டது. துவாக்குடிப் பக்கம் ஒரு பெரிய ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை வருகிறது. நாற்பத்தைந்து நாள். அதில் நிற்கிறவனைத்தான் பிறகு பாஸ் போட்டு நிரந்தரமாக எடுப்பார்கள். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கிளமென்ட் லிஸ்டில் இவர் பெயரை எழுதிக்கொண்டு சொல்லியிருந்தார்: "சனிக்கிழமை பதினொண்ணுக்கு மேல கூப்பிடுவேன். ரெண்டு மணிக்கு கேட்ல நிக்கணும். ஆளு கெடைக்கலன்னா அடுத்த பேருக்குப் போயிருவேன். எனக்கு அம்பது பேரு இருக்கான்."

பத்தே முக்காலுக்கு ரத்தினவேல் டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கினார். "போச்சா?"

"லைனே கெடைக்கல சார்."

"ஒரு மணிக்குள்ள போகலன்னா இந்த வேலைய மதுரைக்காரனுக்குக் குடுத்துருவாங்க. நேத்தே சொல்லிட்டாங்க. அப்பறம் நான் கடைய மூடிட்டு ஜெராக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டுக்குவேன். ஜெராக்ஸுக்கு ஆளு தேவையில்ல, எம் பொண்டாட்டியே போட்டுருவா. யோசிச்சுக்க." படியில் இருந்தவரைத் தாண்டிக்கொண்டு போனவர் திரும்பினார். "என்னய்யா, ஷூவெல்லாம் பலமா இருக்கு. மாப்பிள்ளை ஊர்வலமா?"

"ஆமா சார். பொண்ணு வீட்டுலேர்ந்து போன் வரணும்," என்றார் சுடலைமுத்து. ரத்தினவேல் சிரித்தபடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு தில்லை நகர் போய்விட்டார்.

பதினொன்று அடித்ததும் பிரேமலதா ஒயரை உருவி போனில் சொருகினாள். சுடலைமுத்து எழுந்து வந்து உள்ளே ஸ்டூலில், போனுக்கு நேராக, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போன் அடிக்கவில்லை. அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். டோன் இருந்தது. ஆனால் எப்போதும் போல ஒரே இழையாக வரவில்லை. விக்கி விக்கி வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நோட்டைப் புரட்டினாள். சிவசங்கர் சொல்லி அவள் எழுதிவைத்த வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. 'டோன் இருந்தும் மோடத்துக்குக் கேட்கவில்லை என்றால் எக்ஸ் 3 போடு. அப்புறம் அது டோன் இருக்கிறதா என்று கேட்காது. லைனை எடுத்ததும் நம்பரைப் போடும். கவனம்.' எதற்குக் கவனம் என்று அன்றைக்கு அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மோடத்துக்குப் போகும் வரியில் எக்ஸ் 3 என்று சேர்த்தாள். லைன் அறுந்தால் தானாகவே திரும்பத் திரும்ப டயல் செய்யும் வசதி ஏற்கெனவே இருந்தது. அவளே கண்டுபிடித்துப் போட்டது. இனி ஒயரைச் சொருகிப் பார்க்க வேண்டியதுதான். மணி பதினொன்று பத்து.

ஃபைல் மொத்தமும் போக நாற்பது நிமிஷம் பிடிக்கும். இந்த லைனில் நடுவில் நாலு தடவை அறுந்தால் ஒரு மணி நேரமும் ஆகும். பன்னிரண்டுக்கு ஆரம்பித்தால் ஒன்றுக்கு முடியுமா? ஜெராக்ஸ் மிஷின் ஞாபகம் வந்தது. போனைப் பார்த்தாள். அது அடிப்பதாக இல்லை. சுடலைமுத்துவைப் பார்த்தாள். அவர் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது.

"அண்ணே, காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா. போன் வரட்டும்னு..."

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் இங்கதான இருக்கேன். போன் வந்தா ஓடி வந்து கூப்பிடறேன்."

"வந்துருச்சுன்னா?"

"லைன்ல இருங்க சார்னு சொல்லிட்டு ஓடியாறேன். ரெண்டு கடை தள்ளித்தான."

அவர் எழுந்தார். பையைத் தூக்கப் போனவர், அதை ஸ்டூலிலேயே வைத்துவிட்டு, "இது இங்கயே இருக்கட்டும்மா," என்று போனார். பெரிய ஷூ படியில் டப் டப் என்று இறங்கியது.

ஷூ சத்தம் தேய்ந்ததும் பிரேமலதா ஒயரை உருவி மோடத்தில் சொருகினாள். ஒரே ஒரு தடவை. வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாற்றிவிடலாம்.

டக். இந்தத் தடவை மோடம் காத்திருக்கவில்லை. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பீப் பீப்பென்று கொத்தின. ஒரு ஊளை, ஒரு இரைச்சல், பிறகு நிசப்தம். கனெக்டட். காலையிலிருந்து அவளைக் கெஞ்சவைத்த எழுத்து. இப்போது உருவி எறிய மனசு வரவில்லை. அனுப்பு என்று கொடுத்தாள். பத்து சதவீதம். பதினெட்டு. இருபத்தைந்து வரட்டும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். இருபத்தைந்து வந்தது. முப்பது வரட்டும்.

முப்பத்தொன்றில் லைன் அறுந்தது. கம்ப்யூட்டர் தானே திரும்ப டயல் செய்யத் தயாரானது. இரண்டு மூன்று விநாடி இடைவெளி. அந்த இடைவெளியில் திரையில் ஒரு புது வார்த்தை வந்தது.

ரிங்.

அவள் அதை இதற்குமுன் பார்த்ததேயில்லை. அடியில் இன்னொரு ரிங். வெளியிலிருந்து போன் வருகிறது என்று அவளுக்கு உறைத்து, ஒயரை நோக்கிக் கை போவதற்குள் மோடம் 'டக்' என்று லைனை எடுத்துவிட்டது. டோன் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. மோடத்தின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"ஹலோ... சொடலமுத்து இருக்க..."

குரலின்மேல் எண்கள் ஏறின. பீப் பீப் பீப் பீப். "ஹலோ? ஹலோ! எவன்டா அது..." எண்கள் முடிந்து மோடம் பீ... பீ... என்று விட்டு விட்டுக் கூவியது. பிரேமலதா ஒயரைப் பிடுங்கினாள். போனில் சொருக வந்தபோது இரண்டு தடவை தவறியது. ரிசீவரை எடுத்தாள். "ஹலோ சார், ஹலோ..." விக்கி விக்கி டோன்தான் வந்தது.

மணி பதினொன்று முப்பத்திரண்டு.

மறுபடி கூப்பிடுவார். நிச்சயம் கூப்பிடுவார். ராங் நம்பர் என்று நினைத்திருந்தாலும் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார். அவள் போனின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஈரத் துணியும் குடமுமாக ஆட்கள் வாசலில் போய்க்கொண்டிருந்தார்கள். போன் குளிர்ந்து கிடந்தது.

டப் டப் என்று ஷூ சத்தம் வந்தது. சுடலைமுத்து கையில் பிளாஸ்டிக் கவரில் டீயும், பேப்பரில் ஒரு வடையும் இருந்தன.

"எனக்கு மட்டும் குடிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. இந்தா, ஒனக்கும் வாங்கியாந்தேன். போன் வந்துச்சாம்மா?"

பிரேமலதா வாயைத் திறந்தாள்.

"இல்லண்ணே," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு ஸ்டூலில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அவருக்கும் அம்பது பேரக் கூப்பிடணும்ல. எம் பேரு சுனாவுல, அதுக்கு வர நேரமாவும்."

டீ ஆறியது. வடையின் எண்ணெய் பேப்பரில் பரவி, வட்டமாகி நின்றது. அவள் திரையைப் பார்த்தாள். அந்த இரண்டு ரிங்கும் அதன் அடியில் வரிசையாக எல்லாமும் அப்படியே இருந்தன. ஆங்கிலத்தில்தான். சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தாலும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் அவள் திரையைத் துடைக்கும் கட்டளையைத் தட்டினாள். எழுத்தெல்லாம் மேலே போய் மறைந்தது.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஃபைலு போகலன்னு சாரு திட்டுவாரா?"

"ம்."

"திட்டட்டும் விடு. ரெண்டு நிமிசம் கத்துவாரு. ஒன்ன விட்டா இந்த மிஷினோட பேச அவருக்கு யாரு இருக்கா?"

பன்னிரண்டுக்கு ரத்தினவேல் வந்தார். வரும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். "பன்னெண்டாச்சுய்யா. வந்துச்சா பொண்ணு வீட்டு போன்?"

"இல்ல சார். ஒரு அஞ்சு நிமிசம் பாத்துட்டு..."

"பேச்சு பேச்சா இருக்கணும். எனக்கும் பொழப்பு இருக்கில்ல? பிரேமா, ஒயர மாத்து."

அவள் நகரவில்லை. "சார், அஞ்சு நிமிஷந்தான சார்."

"அஞ்சு நிமிஷத்துக்கு நீயா சம்பளம் குடுப்ப?" அவரே ஒயரை உருவி மோடத்தில் சொருகினார்.

சுடலைமுத்து எழுந்தார். "சாரு சொல்றது சரிதாம்மா. நான் வெளிய காயின் பாக்ஸ் போன்லேர்ந்து ஆலை கேட்டுக்கே போட்டுக் கேக்கறேன். கேட் நம்பரு எழுதி வச்சிருக்கேன்." பையை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை. மழை ஈரம் வெயிலில் காய்ந்துவிட்டதோ என்னவோ. முப்பத்தெட்டு நிமிஷத்தில் நூறு சதவீதம் வந்தது. பன்னிரண்டு நாற்பத்தைந்து. பன்னிரண்டுக்குத் தொட்டிருந்தாலே போதும். ரத்தினவேல் செல்போனில் சென்னைக்குப் பேசி, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்து, வைத்தார்.

"மூணு மாசத்துக்கு நமக்குத்தான். என்ன பண்ணி சரி பண்ணுன?"

"எக்ஸ் மூணுன்னு ஒண்ணு சார். டோன் இருக்கான்னு பாக்காமலே டயல் பண்ணும்."

"பிரமாதம். அத அப்படியே சேவ் பண்ணி வை. இனிமே எப்பவும் அதுலயே ஓடட்டும். அடுத்த கட்டு பில்லு அனுப்பியிருக்காங்களாம், எறக்கிரு. நான் போய் சாப்பிட்டு வந்தர்றேன்." உள்கதவைத் திறந்து வீட்டுக்குள் போனார். சாம்பார் வாசனை வந்தது.

அவள் சேவ் கொடுத்தாள். டயல் கொடுத்தாள். அடுத்த கட்டு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

ஒரு மணிக்கு சுடலைமுத்து வந்தார். படியேறாமல் கீழேயே நின்றார்.

"போட்டேம்மா. கெளமென்ட் சாரே எடுத்தாரு. ரெண்டு தடவ கூப்பிட்டாராம். மொத தடவ எங்கேஜாம். அடுத்த தடவ எவனோ எடுத்து பதிலே பேசாம, என்னமோ பீப் பீப்னு கொத்திட்டு ஊளை உட்டானாம். 'வெளையாடறீங்களாடா'ன்னாரு. அடுத்த பேருக்குக் குடுத்துட்டாராம். எடமலைப்பட்டி புதூர் ஆளாம்."

பிரேமலதா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தாம்மா நம்பர தப்பாக் குடுத்துருக்கேன். ஏழு நம்பரும் எம் மண்டையில எங்க நிக்குது. வேற யாரு வீட்டுக்கோ போயிருக்கு." அவர் பையிலிருந்து வெல்டிங் கண்ணாடியை எடுத்தார். அதன் அட்டை உறையின் உள்பக்கத்தில் நம்பரைப் பேனாவால் எழுதியிருந்தது. "நீ ஒரு தடவ பெருசா எழுதிக் குடு. அடுத்த மாசம் இன்னொரு எடத்துல ஆள் எடுக்கறாங்களாம். அதுக்காவது சரியா குடுக்கணும்."

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். ஏழு எண்களையும் எழுதினாள். பேனா நின்று நின்று போனது. நீட்டினாள்.

சுடலைமுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படியில் வைத்துக் குந்தி உட்கார்ந்தார். இடது கை விரல் அட்டையில், வலது கை விரல் தாளில். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு நகமெல்லாம் கறுத்த விரல்கள். ஒவ்வொரு எண்ணாக இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. ஆறாவதைத் தாண்டி ஏழாவதில் நின்றன. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஒண்ணாத்தானம்மா இருக்கு," என்றார்.

அவளுக்குப் பின்னால் ஃபைல் இறங்குவது நின்றது. லைன் அறுந்திருந்தது. இரண்டு விநாடி. டக். எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு பீப் பீப்பென்று கொத்தின. அப்புறம் ஊளை.

சுடலைமுத்து தலையைத் தூக்கினார். அந்தச் சத்தம் முழுவதும் முடிகிறவரைக்கும் கேட்டார். பிறகு மோடத்தைப் பார்த்தார். அதிலிருந்து சுவர்வரைக்கும் போகிற ஒயரைப் பார்த்தார். மேஜையில், இன்னும் கட்டவிழ்க்காத டீக் கவரைப் பார்த்தார்.

"அண்ணே..." என்றாள். "அண்ணே, நான் ஒரே ஒரு தடவதான்..."

அவர் அட்டையைக் கண்ணாடியோடு சேர்த்துப் பையில் வைத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து நின்றார்.

"மணி ஒண்ணாச்சு. சாப்பிடும்மா," என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் சாப்பிடுவாள். ஷட்டர் வேலையன்று அதை அவர் பார்த்திருந்தார். அவரே கையை உயர்த்தி இழுத்தார். முந்தாநாள் பத்தவைத்த ஷட்டர் சத்தமே இல்லாமல் இடுப்பளவுக்கு இறங்கி நின்றது. அதன் அடியில் வெயிலில் அந்த இரண்டு ஷூவும் மட்டும் தெரிந்தன. ஆலை கேட் இருக்கிற கிழக்குப் பக்கமாகத் திரும்பின. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. அப்புறம் அவர் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் கழற்றினார். உள்ளே திணித்திருந்த துணி தரையில் விழுந்தது. அதையும் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து போனார்.